புது லேப்டாப்பில் பழுது: கடை கைவிரிக்கிறது, சர்வீஸ் சென்டர் மதர்போர்டை மாற்றலாம் என்கிறது. சட்டப்படி என்ன கேட்கலாம்?

கரிசல்காடு:
கடையில் வாங்கி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. விலை 68,000 சொச்சம், கிரெடிட் கார்டில் இஎம்ஐ. திரை அவ்வப்போது துடிக்கிறது. சார்ஜரில் இருக்கும்போதே சட்டென்று அணைந்துவிடுகிறது. கடையில் கேட்டால், "பில் போட்டதோட எங்க வேலை முடிஞ்சது, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்கிறார்கள். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். புதிதாக வாங்கியதைப் பிரித்து வேறு போர்டு போடுவதில் எனக்கு விருப்பமில்லை. வேறு லேப்டாப்போ பணமோ கேட்க வழி இருக்கிறதா?

நுகர்வோர்மேசை:
இருக்கிறது. ஆனால் நாள் முக்கியம், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 2(47), முறையற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பில்லில் கால அளவு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் என்பது கணக்கு. "திரும்பப் பெறப்படாது" என்ற வரி ஒரு கால அளவே இல்லை. ஆகவே உங்களுக்கு 30 நாள் பொருந்தும் என்பதே என் வாசிப்பு. அந்த வரியை அச்சடித்துவிட்டதால் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பு கடையை விட்டுப் போய்விடாது. மனசு மாறித் திருப்பிக் கொடுக்கிறவர்களைத் தடுக்க வேண்டுமானால் அது உதவும்.

"கம்பெனியிடம் போங்க" என்பதும் பாதி பதில்தான். பணம் வாங்கியது கடை, பில் கொடுத்தது கடை. கம்பெனி தரும் வாரண்டி அதற்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது. வாரண்டி அட்டையில் "பழுது நீக்கித் தருவோம்" என்று மட்டும் இருந்தாலும், சட்டம் உங்களுக்குக் கொடுத்ததை அந்த அட்டை பறிக்க முடியாது.

ஆகவே 30 நாள் முடிவதற்குள் கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். பில் எண், தேதி, மாடல், சீரியல் எண், குறை என்ன, முதலில் எந்தத் தேதியில் தெரிந்தது, கேட்பது மாற்றா பணமா, பதிலுக்கு எத்தனை நாள் (15 போதும்) என்பவை இருக்கட்டும். அதே கடிதத்தைக் கடை முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, டெலிவரி ஆன டிராக்கிங் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். கவுண்டரில் நின்று பேசியதற்கும் போனில் பேசியதற்கும் பிறகு எந்த மதிப்பும் இருக்காது.

சாலிடர்_வாசனை:
கடிதத்தில் "அடிக்கடி பிரச்சினை பண்ணுது" என்று எழுதினால் பதில் "சாஃப்ட்வேர் அப்டேட் செய்யவும்" என்றுதான் வரும். குறையைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

திரைத் துடிப்புக்கு மூன்று சோதனை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். துடிக்கும்போது அந்த ஜன்னலும் சேர்ந்து துடித்தால் டிஸ்ப்ளே டிரைவர் பக்கம் சந்தேகம், அது மட்டும் நிலையாக இருந்தால் ஏதோ ஒரு செயலியின் வேலை. அடுத்து பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) உள்ளே போய்ப் பத்து நிமிடம் விடுங்கள். அங்கேயும் துடித்தால் விண்டோஸுக்கும் டிரைவருக்கும் அதில் பங்கில்லை. "சாஃப்ட்வேர்" என்ற பேச்சை அந்த ஒரு வீடியோவே முடித்துவிடும். மூன்றாவது, எச்டிஎம்ஐ வழியாக டிவியிலோ மானிட்டரிலோ இணைத்துப் பாருங்கள். வெளித்திரை சுத்தமாக இருந்தால் பேனல் அல்லது பேனல் கேபிள். மூடியை முன்னும் பின்னும் சாய்க்கும்போது துடிப்பு மாறினால் பெரும்பாலும் கேபிள். இரண்டு திரையும் துடித்தால் கிராஃபிக்ஸ் சிப், அதாவது போர்டு.

திடீரென்று அணைவதற்கு, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். கெர்னல் பவர் 41 என்ற பதிவை எல்லோரும் படம் பிடித்து அனுப்புகிறார்கள். ஒழுங்காக மூடப்படாமல் அணைந்தது என்று மட்டும்தான் அது சொல்லும், காரணம் சொல்லாது. அதே நேரத்தை ஒட்டி வியா லாகர் என்ற பெயரில் பதிவு இருந்தால் அது வன்பொருள் பிழை, கனமான சாட்சி. ரிலையபிலிட்டி மானிட்டர் பக்கத்தையும் எடுங்கள். நாள்வாரியாகச் சிவப்புக் குறியோடு இருக்கும், தொழில்நுட்பம் தெரியாதவருக்கும் ஒரு பார்வையில் புரியும்.

பிறகு லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் கம்பெனிச் சோதனை. டெல்லில் ஆன் செய்ததும் எஃப் 12, ஹெச்பியில் எஸ்கேப்பைத் தட்டிக்கொண்டே இருந்து எஃப் 2. தோல்வி காட்டினால் ஒரு பிழை எண்ணும் வரும், அதைப் படம் எடுங்கள். கம்பெனியின் சொந்தக் கருவி கொடுத்த எண்ணைக் கம்பெனியே மறுப்பது கஷ்டம்.

இதையெல்லாம் பென்டிரைவில் சேர்த்த பிறகுதான் சர்வீஸ் சென்டர் வாசலை மிதிக்க வேண்டும். அங்கே முதலில் செய்வதே விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான். போட்டால் பதிவுகள் எல்லாம் போய்விடும். "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

வைகைக்கரை:
மேசையார் சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் முதல் நாளே "போர்டு வேண்டாம், புது லேப்டாப்தான் வேண்டும்" என்று ஒற்றைக்காலில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கு, 2006, உச்ச நீதிமன்றம். குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாக வாரண்டி சொல்லும்போது வண்டி முழுவதையும் மாற்றக் கட்டளையிட்டது சரியில்லை என்று தீர்ப்பு. கார் வழக்குதான், ஆனால் ஃப்ரிட்ஜ், டிவி, லேப்டாப் என்று எதற்கும் கம்பெனி வக்கீல்கள் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். "இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தோம், வாடிக்கையாளர்தான் பொருளைக் கொடுக்க மறுத்தார்" என்று அவர்கள் எழுதிவிட்டால் மனு அங்கேயே பலவீனமாகிவிடும்.

உற்பத்திக் குறை என்று நிரூபிக்க வேண்டியவர் மனுதாரர். லேப்டாப்பில் அதற்குக் கிடைக்கிற நல்ல சாட்சி, பொருளை ஒப்படைக்கும்போது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் ஷீட்தான். ஒரே குறைக்குத் திரும்பத் திரும்ப உள்ளே போய் வந்ததைக் காட்டும் ஜாப் ஷீட்கள் இருந்தால், நிபுணர் அறிக்கை இல்லாத இடத்திலும் நுகர்வோர் ஆணையம் காது கொடுக்கும்.

கரிசல்காடு:
அப்படியானால் போர்டு மாற்ற ஒத்துக்கொண்டால், மாற்று கேட்கும் உரிமை போய்விடாதா? இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுக்கொன்று முட்டுகிற மாதிரி இருக்கிறதே.

நுகர்வோர்மேசை:
முட்டவில்லை. வைகைக்கரை சொல்வது நியாயம், எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. முதலில் மாற்றும் பணமும் கேட்டு எழுதுங்கள், நாள் கணக்கு அதோடு காப்பாற்றப்பட்டுவிடும். அவர்கள் பழுது நீக்கித் தருகிறோம் என்று பதில் போட்டால், "என் கோரிக்கையைக் கைவிடாமல், என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஒரு முறை பழுது நீக்க மட்டும் ஒப்படைக்கிறேன். இதே குறை மீண்டும் வந்தால் மாற்றோ முழுப் பணமோ தர வேண்டும்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஒப்படையுங்கள். ஜாப் ஷீட்டில் வாடிக்கையாளர் குறிப்பு எழுதும் இடத்திலும் இதைச் சுருக்கமாக எழுதிக் கையெழுத்திடுங்கள். சரியாகிவிட்டால் நல்லது. ஆகாவிட்டால், வாய்ப்புக் கொடுத்தும் சரிசெய்யவில்லை என்பது உங்கள் பக்கம் வந்து நிற்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பெட்டியைத் திறந்த அன்றே ஆன் ஆகவில்லை, அல்லது முதல் சில நாளிலேயே செத்துவிட்டது என்றால் பழுதுக்கே ஒப்புக்கொள்ள வேண்டாம். பல கம்பெனிகளில் இதற்கு டிஓஏ (டெட் ஆன் அரைவல், வந்தபோதே பழுது) என்று தனி நடைமுறை இருக்கிறது. சர்வீஸ் சென்டர் டிஓஏ சான்று கொடுத்தால் கடை வேறு பீஸ் தரும். அந்தச் சான்றுக்கான கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மிகக் குறுகியது. பெட்டி, சார்ஜர், உறை எல்லாம் இருக்க வேண்டும். புதுப் பொருளின் பெட்டியை யாரும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

சாலிடர்_வாசனை:
போர்டு மாற்றக் கொடுப்பதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். இங்கேதான் பலர் டேட்டாவை இழக்கிறார்கள்.

விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் டிரைவ் உங்களுக்குத் தெரியாமலேயே குறியாக்கம் ஆகியிருக்கலாம். அதன் பூட்டுச் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியைச் சார்ந்தது, அது இருப்பது போர்டிலோ அதிலுள்ள பிராசசரிலோ. போர்டு மாறினால் விண்டோஸ் 48 இலக்க பிட்லாக்கர் மீட்பு எண் கேட்கும். அது இல்லாவிட்டால் எஸ்எஸ்டி நன்றாக இருந்தும் உள்ளே இருப்பது கிடைக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அந்த எண் இருக்கும், தாளில் எழுதி வையுங்கள். பேக்கப் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். டேட்டாவுக்கு எந்தக் கம்பெனி வாரண்டியும் பொறுப்பேற்பதில்லை.

ஒப்படைக்கும் மேசையிலேயே லேப்டாப்பின் எல்லாப் பக்கங்களையும், கீல், போர்ட்டுகள், திரை, அடிப்பகுதி ஸ்க்ரூ உட்படப் படம் எடுங்கள். ஜாப் ஷீட்டில் "கீறல், நெளிவு, திரவக் கறை இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். சும்மா தலையாட்டுவார்கள், எழுதும் வரை நகராதீர்கள். இரண்டு நாள் கழித்து "சிஐடி சார், உள்ளே தண்ணி போயிருக்கு, வாரண்டி வராது" என்று போன் வந்தால் (சிஐடி என்றால் வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்) இந்த ஒரு வரிதான் காப்பாற்றும். அப்படிச் சொன்னால் கறையின் படமும் எழுத்தில் காரணமும் கேளுங்கள். கட்டண எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகும்.

நீங்களே ரேம் கூட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டுக் கொடுங்கள்.

திரும்ப வாங்கும்போது பயாஸில் சீரியல் எண் பாருங்கள். புதுப் போர்டில் அதைப் பதிவு செய்ய மறந்துவிடுவது சகஜம், அந்த இடம் காலியாகவோ "இன்வாலிட்" என்றோ இருக்கும். அடுத்த முறை வாரண்டி கேட்டால் சிஸ்டத்தில் உங்கள் லேப்டாப்பே இருக்காது. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கே டெக்னீஷியன் வந்தால், சோதித்து முடிக்கும் முன், புகாரை முடித்து வைக்கும் ஓடிபியைத் தராதீர்கள். அது போய்விட்டால் கணக்கில் உங்கள் குறை தீர்ந்துவிட்டது.

பொன்னிவெயில்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கணும். ஆன்லைனில் வாங்கினதுக்கும் இதேதானா? எங்க வீட்டுல வாங்கினது பெட்டி பிரிச்ச மாதிரி இருந்தது. 7 நாள் ரீப்ளேஸ்மென்ட் முடிஞ்சு போச்சு, இனி பிராண்டைக் கேளுங்கன்னு தளத்துல சொல்றாங்க.

நுகர்வோர்மேசை:
ஆன்லைனுக்கு இன்னும் ஒரு பிடி கூடுதலாகவே இருக்கிறது. மின்வணிக விதிகள் 2020. குறையுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று விதி 6 சொல்கிறது. 7 நாள் என்பது தளத்தின் கொள்கை. ரீப்ளேஸ்மென்ட் பட்டன் மறைந்துவிட்டது என்றால் பட்டன் வழி மட்டும்தான் போனது.

தளத்தின் அடியில் குறைதீர் அலுவலர் பெயர் போட்டிருக்கும், வாடிக்கையாளர் சேவை அரட்டையை விட்டுவிட்டு அவருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளரின் முழு முகவரி, மின்னஞ்சல் தெரியாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். வாங்கியவர் கேட்டால் தளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி 5 சொல்கிறது. பிறகு வழக்கு என்று வந்தால் அந்த முகவரி வேண்டும்.

ஆர்டர் பக்கத்தையும் பொருள் விவரப் பக்கத்தையும் இன்றே பிடிஎஃப் ஆக்குங்கள். "10 மணி நேர பேட்டரி", "புதியது" என்ற சொற்கள் நாளைக்கே மாறியிருக்கலாம்.

சாலிடர்_வாசனை:
பொன்னிவெயில், பெட்டி பிரித்த சந்தேகத்தை எண்ணால் நிரூபிக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் இலவசம். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஆன் ஆனது, எத்தனை ஜிபி எழுதப்பட்டது என்று காட்டும். தொழிற்சாலைச் சோதனையில் சில மணி நேரம் ஓடியிருக்கும், அது சாதாரணம். நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள், அல்லது கடையில் டெமோவுக்கு வைத்திருந்தார்கள். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டும் எடுங்கள், சைக்கிள் (முழு சார்ஜ் சுற்று) எண்ணிக்கையும் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் அருகருகே வரும். ஒரு வாரப் பொருளில் சைக்கிள் 90 என்றால் பேச்சுக்கே இடமில்லை.

கம்பெனித் தளத்தில் வாரண்டி தொடங்கிய தேதி உங்கள் பில் தேதிக்கு முன்னால் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பழைய பொருள் என்று முடிவு செய்யாதீர்கள். கிடங்கிலிருந்து கிளம்பிய நாளைக் கணக்கில் வைப்பது வழக்கம். பில்லை அனுப்பினால் திருத்திக் கொடுப்பார்கள். திருத்தாமல் விட்டால் வாரண்டியில் சில மாதம் வீணாகப் போகும்.

தறிக்கூடம்:
எங்கள் பட்டறைக் கணக்குக்காக ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்கினோம். அதற்கும் நுகர்வோர் சட்டம் வருமா?

வைகைக்கரை:
சிக்கல் வரும் இடம் அது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் பிரிவு 2(7)-இன்படி நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. நீங்களே உட்கார்ந்து கணக்கெழுதும் சிறு பட்டறை என்றால் அதை மனுவில் வெளிப்படையாக எழுதுங்கள். ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம், வணிக நோக்கம் என்று சொல்லும் எதிர்தரப்பினர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. அது சேவை பற்றிய வழக்கு, ஆனாலும் கையில் வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனி பெயரில் இருபது லேப்டாப் வாங்கியிருந்தால் அந்தக் கதவு அநேகமாக மூடியதுதான். அப்போது ஒப்பந்த மீறல், சரக்கு விற்பனைச் சட்டம் 1930 என்று உரிமையியல் நீதிமன்ற வழி. வீட்டுக்கு, படிப்புக்கு வாங்குகிறவர்கள் வரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று தெரிந்தவர் கடையின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டுக்கொள்ளாதீர்கள். வாங்கியவர் நீங்கள் என்பதே கேள்வியாகிவிடும்.

கரிசல்காடு:
கடையும் கம்பெனியும் பதிலே போடாவிட்டால் அடுத்து? வக்கீல் வைக்கணுமா? செலவு எவ்வளவு ஆகும்?

நுகர்வோர்மேசை:
முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பில்லையும் ஜாப் ஷீட்டையும் ஏற்றினால் புகார் எண் தருவார்கள். கம்பெனியின் மேல்நிலை அலுவலருக்குப் போகும் என்பதால் பல குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. அங்கே புகார் நிலுவையில் இருப்பதால் வழக்குக்கான கெடு நிற்பதும் இல்லை. பிரிவு 69-இன்படி கெடு இரண்டு ஆண்டு.

அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கணக்குப் பார்ப்பது நீங்கள் கொடுத்த விலையை, கேட்கும் இழப்பீட்டை இல்லை. பழைய 1986 சட்டத்தில் எதிர்தரப்பினர் இருக்கும் ஊரிலோ, வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் போட வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும். இணையத்தில் போட 2025 ஜனவரியில் இ-ஜாக்ரிதி தளம் வந்திருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை.

கடை, கம்பெனி இரண்டையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். ஆன்லைன் என்றால் தளத்தையும் சேருங்கள். கடையை மட்டும் சேர்த்தால் "உற்பத்திக் குறைக்கு நாங்கள் என்ன செய்வோம்" என்பார்கள், கம்பெனியை மட்டும் சேர்த்தால் "பணம் எங்களிடம் வரவில்லை" என்பார்கள்.

கோரிக்கை பிரிவு 39-ஐ ஒட்டி இருக்கட்டும்: குறையில்லாத அதே வகைப் புதுப் பொருள், அல்லது விலையை வட்டியோடு, அதோடு இழப்பீடு, வழக்குச் செலவு. 68,000 ரூபாய் பொருளுக்கு 10 லட்சம் மனஉளைச்சல் என்று எழுதினால் மனுவின் கனம் குறையும்.

மனுவோடு பிரமாணப் பத்திரம், பில், எல்லா ஜாப் ஷீட், கடிதப் போக்குவரத்து, படங்கள். வீடியோவும் மின்னஞ்சலும் மின்னணு ஆவணம் என்பதால் சாட்சியச் சட்டம் 2023, பிரிவு 63-இன் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள், பின்னால் ஆட்சேபம் வராது.

வைகைக்கரை:
இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பிரிவு 38(2)(சி). பார்த்த மாத்திரத்தில் தெரியாத குறை என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்தைக் கேட்கலாம். அறிக்கைக்கு 45 நாள், கட்டணம் மனுதாரர் கட்ட வேண்டும். "இப்போது நன்றாக ஓடுகிறது" என்று எதிர்தரப்பு சொல்லும் வழக்குகளில் இந்த மனுவைப் போடாமல் விட்டதாலேயே தோற்றவர்கள் உண்டு. அதுவரை லேப்டாப்பை வெளிக்கடையில் பிரிக்கக் கூடாது, ஒரு ஸ்க்ரூகூட.

எதிர்தரப்பு பதில் போட 30 நாள், நீட்டித்தால் இன்னொரு 15. அதற்கு மேல் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. வழக்கு முடிய மூன்று மாதம், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து என்று சட்டம் எழுதியிருக்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இடையில் சமரச மையத்துக்கு அனுப்பக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதே லாபம். நாள் ஆக ஆக அந்த மாடலே சந்தையில் இருக்காது.

இன்னொன்று, பொருள் பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு அதில் மனு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி வெடித்துக் கை சுட்டால், மேசை எரிந்தால் அது வரும். லேப்டாப் மட்டும் கெட்டதற்கு வராது. பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை அந்த வரையறை விலக்கிவிடுகிறது.

பொன்னிவெயில்:
பேட்டரின்னு சொன்னதும் கேக்கறேன், டச்பேட் லேசா மேலே எழும்பினா?

சாலிடர்_வாசனை:
பேட்டரி உப்புகிறது. உடனே ஆஃப் செய்து சார்ஜரைப் பிடுங்குங்கள். சார்ஜ் ஏற்றவே கூடாது, அழுத்தி மூடவும் கூடாது. கூரியரில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிட்டு டெக்னீஷியனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு படம் மட்டும் எடுத்து வையுங்கள்.

கரிசல்காடு:
கடைசியாக, இஎம்ஐயை நிறுத்திவிடலாமா? பழுதான பொருளுக்கு ஏன் கட்ட வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நுகர்வோர்மேசை:
நிறுத்தாதீர்கள். கடன் வங்கிக்கும் உங்களுக்கும் உள்ளது, கட்டாவிட்டால் அபராத வட்டியும் சிபில் மதிப்பெண் இறக்கமும் உங்கள் தலையில்தான் விழும். கார்டு பரிவர்த்தனை என்பதால் "பொருள் குறையுள்ளது, விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கிறார்" என்று வங்கியில் டிஸ்ப்யூட் பதிவு செய்யலாம். அதற்கு நாள் கெடு உண்டு, இன்றே வங்கியில் கேளுங்கள். நீங்கள் கடைக்கு அனுப்பிய மின்னஞ்சலைத்தான் முதல் ஆவணமாகக் கேட்பார்கள்.

பணம் திரும்பி வரும்போது இஎம்ஐ தானாக ரத்தாகாது, வங்கியிடம் தனியாகச் சொல்ல வேண்டும். பிராசசிங் கட்டணமும், அதுவரை கட்டிய வட்டிக்கான 18% ஜிஎஸ்டியும் பொதுவாகத் திரும்பாது. அந்தத் தொகையை ஸ்டேட்மென்ட்டோடு மனுவில் தனி வரியாகக் கேளுங்கள். எழுதிக் கேட்காததை ஆணையம் தானாகச் சேர்த்துத் தராது.

ஆணை வந்தும் கட்டாமல் இழுத்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். பிரிவு 72-இன்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர்கள் மேல்முறையீடு போக வேண்டுமானால் 45 நாளுக்குள் போக வேண்டும், ஆணையிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.